திருப்பிப் போட்ட ஊர்

"யாகோமினா... இங்க வா. கையைக் காட்டு."

சுவரோரம் கிடந்த நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த யாகோமினா தயங்கித் தயங்கி வந்து கையை நீட்டினாள். மாமியார் பீட்டர்னெல்லா ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு எண்பது வயது நிறைகிறது. விடிந்ததுமே தலை வாரி, கழுத்தில் பவள மாலை போட்டுக்கொண்டு, வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி மருமகளின் விரல்களையே உற்றுப் பார்த்தாள்.

"நகத்துல என்ன பச்சை?"

"கீரை நறுக்கினேன் அத்தை..."

"பொறந்த நாளும் அதுவுமா எவ வீட்டுலடி கீரை சமைப்பாங்க?"

அடுப்படியிலிருந்து நாத்தனார் டீனா எட்டிப் பார்த்தாள். ஆப்பிள் கேக் வெட்டுகிற கத்தி கையில் இருந்தது. "கீரைங்கறாங்க அண்ணி... வாசனை என்னமோ வர்ணம் கரைக்கற டர்பன்டைன் மாதிரி வருதே!"

"மாடிக்குப் போனியா?" பீட்டர்னெல்லாவின் குரல் ஏறியது. "உண்மையைச் சொல்லு! அந்தப் படத்துப் பக்கம் போனியா?"

"போகலை அத்தை... சத்தியமா போகலை."

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மரீனுஸ் இறங்கி வந்தான். புதிதாக எழுதி முடித்த பெரிய படத்தை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடித்திருந்தான். நகத்துப் பச்சை எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? யாகோமினா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா! அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீனா, அந்த முக்காலியை இப்படி நகர்த்து" என்றான். படத்தை முன்னறையில் நிறுத்திவிட்டு மறுபடி மாடிக்கே போய்விட்டான்.

யாகோமினா அடுப்படிக்குப் போய், நகத்தை பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தாள். விரல் நுனி சிவந்ததே ஒழிய பச்சை போகவில்லை. செய்யாத குற்றத்துக்கு வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, செய்த நல்ல காரியத்தையும் ஒளிக்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீனா பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டாள்.

ஆறு கடலில் கலக்கிற எங்கள் ஃப்லிஸிங்கன் ஊரில் மரீனுஸின் வெர்ஹாகே வீட்டுக் கப்பல் படங்களைத் தெரியாதவர்கள் கிடையாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய ஓவியர்கள் தீட்டிய கடல் படங்களைப் பார்த்து, கையாலேயே நகல் எழுதித் தருவது அவர்கள் தொழில். அசல் படம் அரண்மனையிலோ மியூசியத்திலோ இருக்கும். அதை வீட்டில் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிற ஓய்வுபெற்ற கேப்டன்களும் ஹோட்டல்காரர்களும் இவர்களைத் தேடி வருவார்கள். அசலைவிடச் சின்னதாக எழுதி, பின்பக்கம் நகல் என்று குறித்துத்தான் கொடுப்பார்கள். அதனால் ஏமாற்று வேலை என்று ஒருத்தரும் விரல் நீட்ட முடியாது.

மாமனார் ஆரெண்ட் இருந்தபோது வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். "நகல் எடுக்கறவன் தன் புத்தியை மாடிப்படிக்குக் கீழயே கழட்டி வெச்சிட்டு ஏறணும். உனக்குத் தெரிஞ்சதை வரையாதே. எதிர்ல இருக்கறதை வரை." அப்பாவைக் கண்டால் நடுங்குகிற மரீனுஸுக்கு அது வேதவாக்கு. அவர் போன பிறகும் அவன் அதை மீறியதில்லை. கடைசியில் அந்தச் சட்டம்தான் குடியைக் கெடுத்தது.

யாகோமினா சீரிக்ஸே ஊரிலிருந்து வாழ வந்தவள். வந்த புதிதில் தூரிகை கழுவிக் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் மாமனார் சாப்பிடப் போன நேரத்தில் ஓர் அலையைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்த கிழவர் ரொம்ப நேரம் அந்த அலையைப் பார்த்துவிட்டு, "இனிமே கடல் இவகிட்ட" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாயும் பாய்மரமும் கயிறும் மரீனுஸ் கை. தண்ணீரும் வானமும் யாகோமினா கை. பச்சைக்கு மேல் சாம்பல், அதற்கு மேல் மறுபடி பச்சை என்று மெல்லிசு மெல்லிசாக அவள் ஏற்றிக்கொண்டு போவாள். ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது. அவளுடைய பொறுமை யாருக்கு வரும்!

அப்படி ஒற்றுமையாக இருந்த வீட்டில்தான் அது நடந்தது.

ஆற்று முகத்துக்கு வருகிற வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறி, மணல்திட்டில் மோதாமல் வழிகாட்டிக் கூட்டிப்போகிற பைலட்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களுடைய சங்கம் தங்கள் கூடத்தில் மாட்ட ஒரு படம் கேட்டது. பழைய காலத்தில் நம் கப்பற்படை போரில் ஜெயித்து ஃப்லிஸிங்கனுக்குத் திரும்பி வருகிற காட்சி. அசல் லண்டனில் யாரோ பிரபு வீட்டில் இருந்தது. அதைப் போட்டோ பிடித்து ஒரு சின்ன ஃபிலிம் ஸ்லைடு மட்டும் அனுப்பினார்கள். ஸ்லைடை புரொஜெக்டரில் போட்டு, வெளிச்சம் படம் எழுதும் துணியில் விழ, அதன் மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார்கள். பிறகுதான் வர்ணம்.

ஸ்லைடை மரீனுஸ் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டான்.

அவ்வளவுதான்! ஊர் அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் மாறிவிட்டது. ஆற்றிலிருந்து பார்த்தால் இடது கைப் பக்கம் இருக்கவேண்டிய மணல்மேடுகள் வலது பக்கம் போயின. கடலிலிருந்து வீடு திரும்புகிற கப்பல்கள் வீட்டை விட்டு ஓடுகிற கப்பல்களாகிவிட்டன. தளபதிகள் எல்லாரும் இடது கையில் வாள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலைத் திறந்தால் அசல் ஊர் எதிரில் நிற்கிறது. ஆனால் எதிரில் இருப்பதைத்தானே வரையவேண்டும்? மரீனுஸுக்கு எதிரில் இருந்தது ஸ்லைடு.

யாகோமினாவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. கடலில் முதல் பூச்சு போடும்போதே மெதுவாகக் கேட்டாள். "ஏங்க... மணல்மேடு இந்தப் பக்கமா வரும்?"

"சீரிக்ஸேகாரி நீ... எனக்கு ஃப்லிஸிங்கனைக் காட்டித் தர்றியா?" என்று அவன் பாய்ந்தான். "அந்தக் காலத்து ஆளுங்க அழகுக்காக இடத்தை மாத்திப் போடுவாங்க. அப்பா சொன்னது மறந்துபோச்சா? திருத்தாதே!"

அவள் மறுபடி கடலுக்கே தூரிகையைத் திருப்பினாள்.

திறப்பு விழாவில் மேயர் திரையை இழுத்தார். கை தட்டினார்கள். கை தட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த பைலட் கிரைன் எழுந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு மரீனுஸ்... இது எந்த ஊருப்பா?" என்றார். ஒருத்தர் சிரித்தார். பிறகு நாலு பேர். பிறகு கூடம் முழுக்க! ஆயுசு முழுக்க அந்த ஆற்றிலேயே கிடந்தவர்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்புமா?

மரீனுஸ் முகத்தில் ரத்தமே இல்லை.  அந்தக் கூடத்தில் மாட்டியிருந்த, அப்பா எழுதிய பழைய படத்தைப் பார்த்தான். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் மனிதன் விழுந்துவிடுவான் என்று யாகோமினாவுக்குப் பட்டது. யோசிக்கவே இல்லை. எழுந்து நின்றாள்.

"ஸ்லைடைத் திருப்பிப் போட்டது நான்தான்... அவர் மேல தப்பில்லை."

பெண்டாட்டி பண்ணின கூத்து என்றதும் எல்லோருக்கும் நிம்மதி! சிரிப்பு இரண்டு மடங்கானது. மேயரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மரீனுஸின் பேர் பிழைத்தது. வீட்டுக்குப் போனதும் இவர் அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவன் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

பிறகு அவள் பட்டதைச் சொல்லி மாளாது. ரொட்டிக் கடைக்குப் போனால், "யாகோமினா, வாசல் இந்தப் பக்கம்!" என்பார்கள். சர்ச்சில் வலது பக்கம் உட்கார்ந்தால், "திருப்பிப் பார்த்தா இடது பக்கம்தானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். பீட்டர்னெல்லா மாடி அறைச் சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் பேரைச் சந்தி சிரிக்க வெச்சவ இனிமே தூரிகையைத் தொடக்கூடாது. காபி போடு, போதும்!" அதையும் யாகோமினா சகித்துக்கொண்டாள். சகிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். கொஞ்ச காலம் போனதும் மரீனுஸே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான்! கோபம் வந்தால், "நீ பண்ணின காரியத்தால..." என்று வாய் கூசாமல் சொன்னான். யாகோமினா திகைத்துப் போய் அவன் முகத்தையே பார்ப்பாள். அவன் நடிக்கவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது.

இந்த வசந்தத்தில் கிரைன் மறுபடி வந்தார். சங்கத்துக்குப் புதுக் கட்டடம் வருகிறது, அதே படத்தை இந்தத் தடவை சரியாக எழுதித் தரவேண்டும் என்றார். போகும்போது வாசலில் நின்று, "ஒரே ஒரு நிபந்தனை மரீனுஸ். உன் பெண்டாட்டி கை இதுல படக்கூடாது" என்றார். காபித் தட்டோடு வந்த யாகோமினா காதில் அது விழுந்தது.

மரீனுஸ் கப்பல்களை அற்புதமாக எழுதினான். கடல்தான் வரவில்லை. சுரண்டிவிட்டு எழுதினான்; மறுபடி சுரண்டினான். தகரத்துக்குப் பச்சை அடித்த மாதிரி இருந்தது. ஒரு நாள் மத்தியானம், அம்மா தூங்குகிற நேரம், அடுப்படியில் வந்து நின்றான்.

"யாகோமினா... எனக்காக... ஒரு தடவை."

"நான் தொடக்கூடாதுன்னுதானே பேச்சு?"

"யாருக்கும் தெரியவேண்டாம். அம்மாவுக்குக்கூட... உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவனுக்காக வெட்கம், அவனை மறுக்க முடியாத தனக்காக அதைவிட வெட்கம். ஆனாலும் மாடிக்குப் போனாள். எத்தனையோ வருஷம் கழித்துத் தூரிகையைப் பிடித்தாலும், அந்தக் கடலைத் தொட்டதும் கை தானாக நடந்தது. கோடை முழுக்க, மாமியார் கண்ணயரும் நேரமெல்லாம், திருடியைப் போலப் படியேறிப் போய் அவள் அந்தக் கடலை எழுதினாள்; பிறந்த நாளுக்கு முந்தின நாள்தான் கடைசி அலையைத் தொட்டு முடித்தாள்.

பிறந்த நாளுக்கு மூன்று மணி முதல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வட்டத்தைச் சுற்றி ஒவ்வொருவராகக் கை குலுக்கி, "உங்க அம்மாவுக்கு எண்பது, வாழ்த்துகள்... உங்க மாமியாருக்கு எண்பது, வாழ்த்துகள்..." என்று சொல்லி உட்கார்ந்தார்கள். காபி போனது, கேக் போனது, இலவங்கப்பட்டைப் பாகு ஒட்டும் போலுஸ் ரொட்டி போனது. பெண்கள் சின்னக் கரண்டியால் முட்டை மதுவை நக்கிக்கொண்டார்கள். யாகோமினா மட்டும் உட்காரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்கு வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

கிரைனும் இன்னும் உட்காராமல் படத்தின் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மணல்மேடு இருக்கவேண்டிய எடத்துல இருக்கு. கப்பலெல்லாம் ஊருக்குள்ள வருது. ஆனா மரீனுஸ்... இந்தக் கடல்! நான் சத்தியமாச் சொல்றேன், என் காலு நனையுது. நீ இந்த மாதிரி தண்ணி எழுதி நான் பார்த்ததே இல்லைப்பா!"

"பார்த்தீங்களா!" என்று பீட்டர்னெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் பிள்ளை தனியா எழுதினா இப்படித்தான் வரும்."

"பின்னே! யாகோமினா கை படலைல்ல?" என்று கிரைன் கண்ணடித்தார். "பட்டிருந்தா கடல் மேலயும் வானம் கீழயும்ல வந்திருக்கும்!"

வட்டம் முழுக்கச் சிரிப்பு. டீனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். யாகோமினா பழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு புன்னகை செய்தாள். அப்போதுதான் அவள் காதில் அது கேட்டது. மரீனுஸும் சிரித்தான்! நன்றாக, வாய்விட்டு, எல்லாரோடும் சேர்ந்து. அவள் எழுதிய கடலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு!  கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

கிரைனுக்குப் பேச்சு நிற்கவில்லை. முட்டை மது உள்ளே போய்விட்டது. "அன்னைக்கு மட்டும் நான் ஒழுங்காப் பார்த்திருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது. படத்துக்குக் கோடு போட்டுக்கிட்டு இருக்கும்போதே நான் வந்தேனே!"

"எப்போ?" என்றாள் பீட்டர்னெல்லா.

"நீ இடுப்பெலும்பு ஒடஞ்சு மிடல்பர்க் ஆஸ்பத்திரில கெடந்தியே, அப்போதான். உன்னைப் பத்தி விசாரிக்க வந்தேன். முந்தின நாள்தான் ஸ்லைடு வந்து சேர்ந்துச்சாம். மரீனுஸ் மாடில திரையெல்லாம் இழுத்துவிட்டு, மெஷின் வெளிச்சத்துல பென்சிலும் கையுமா நின்னான். இருட்டுல எனக்கு ஒண்ணும் புரியலை. அவனே காபி போட்டுக் குடுத்தான் பாரு... துறைமுகத்துத் தண்ணி தோத்துப்போச்சு! யாகோமினா எங்கப்பான்னு கேட்டேன். அம்மா கூடவே இருக்கா மாமா, அம்மா வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவளும் வரமாட்டேன்னுட்டா, ராத்திரிகூட நாற்காலிலதான் தூங்கறான்னு சொன்னான்."

சொல்லிவிட்டு அவர் போலுஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பீட்டர்னெல்லாவின் கை மட்டும் பவள மாலை மேல் போய் நின்றுவிட்டது.

"ஆமா..." என்றாள் மெதுவாக. "நாற்காலிலதான் தூங்கினா. நான் கண்ணைத் திறக்கறப்பெல்லாம் அங்கதான் இருந்தா. என்னைத் தூக்கி உட்கார வெச்சு, துடைச்சு, மாத்திவிட்டு... நர்ஸைக்கூடத் தொடவிடலை." கிழவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ ஸ்லைடைப் போட்டது யாரு?"

வட்டத்தில் தலைகள் எல்லாம் மரீனுஸ் பக்கம் திரும்பின. 

"மரீனுஸ். உன்னைத்தான் கேக்கறேன். வீட்ல யாருமே இல்லையே... யாருடா போட்டது?"

அடுப்படி வாசலில் நின்ற யாகோமினா ஓடி வந்தாள். அந்தப் பாழாய்ப்போன மனசு இப்போதும் அவனைத்தான் காப்பாற்றப் பார்த்தது! "அத்தை... நடுவுல ஒரு நாள் துணி எடுக்க வந்தேன்ல... அன்னைக்குத்தான்..."

"பொய் சொல்லாதடி! நீ வரலை. உன் துணியை டீனாதானே கொண்டுவந்து குடுத்தா?"

டீனா வெளுத்துப்போய்த் தலையாட்டினாள்.

"இல்லை அத்தை, சாயங்காலம் பஸ் பிடிச்சு..."

"போதும் யாகோமினா."

மரீனுஸ் எழுந்திருந்தான். கையில் கேக் தட்டு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான். "போதும்... இதுக்கு மேல நீ எனக்காகப் பொய் சொன்னா நான் மனுஷனே இல்லை."

"என்னடா சொல்றே..."

"நான்தாம்மா திருப்பிப் போட்டேன். மணல்மேடு எடம் மாறியிருக்குன்னு அவ சொன்னா. நான் அவ வாயை அடைச்சேன். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ எனக்கு அப்பா முகம்தான் தெரிஞ்சுது... அவ எழுந்து பழியைத் தன் தலைல போட்டுக்கிட்டா. நான் சும்மா இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்து, அப்புறம் அவதான் போட்டான்னு நானே நம்பிட்டேன். அதான் எனக்கு வசதியா இருந்துச்சு." அவன் கிரைன் பக்கம் திரும்பினான். "இன்னொண்ணும் சொல்லிடறேன் கிரைன் மாமா. உங்க காலை நனைக்குதே அந்தக் கடல்... அது நான் எழுதினதில்லை. எனக்கு ஒரு அலைகூட வரலை. அவ எழுதினது. கை படக்கூடாதுன்னு நீங்க சொன்ன அதே கை!"

கிரைன் கடித்த ரொட்டியை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பிறகு மெல்ல நடந்து வந்து யாகோமினா எதிரில் நின்று, "ஏம்மா... என் வாய்ல கொள்ளிக்கட்டையைத்தான் வெக்கணும்" என்றார். 

"அண்ணி..." என்று டீனா முன்றானை இல்லாத குறையாக மேஜைத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். "காலைலகூட உங்களை டர்பன்டைன்னு குத்திக் காட்டினேனே!"

பீட்டர்னெல்லா நாற்காலிக் கைகளை ஊன்றி எழ முயன்றாள். யாகோமினா பழக்கப்படி தாங்கப் போனாள். தாங்கிய கையைப் பற்றி இழுத்து, அந்தப் பச்சை நகங்களைத் தன் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள் கிழவி.

"என் அழுக்கையெல்லாம் கழுவின கையை நான் தூரிகையைத் தொடாதேன்னேனே! எனக்குத் தெரிஞ்சிருக்கணும்டி... அந்த வாரம் முழுக்க நீ என் பக்கத்துல இருந்தேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள்கூட யோசிக்கலை பாரு! பழி சொல்ல ஆளு கெடைச்சதும் யோசனையை நிறுத்திட்டேன்... எனக்கு எண்பது வயசு. வெட்கமா இருக்குடி எனக்கு!"

"அழாதீங்க அத்தை... பொறந்த நாளு..." என்று சொல்லிவிட்டு யாகோமினாவே ஓவென்று அழுதாள். இத்தனை வருஷமாக விழுங்கி வைத்தது எல்லாம் மாமியார் தோளில் கொட்டியது. அந்தத் தோள் ஆடாமல் தாங்கிக்கொண்டது.

அழுது ஓய்ந்ததும் மரீனுஸ் கிட்டே வந்தான். "என்னை மன்னிச்சிடு யாகோமினா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஸ்லைடுக்கு அன்னைக்கே மன்னிச்சாச்சுங்க. அது யாருக்கும் நடக்கிறது. இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்களே, அதுக்கும் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா இன்னைக்குச் சிரிச்சீங்க பாருங்க... என் கடலை முன்னால வெச்சுக்கிட்டு... அதை என்னால இப்போ மன்னிக்க முடியலை."

கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவள் கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

அக்டோபர் மாதத்துக் காற்று கடற்கரைச் சாலையில் ஆளைத் தள்ளியது. யாகோமினா வேகமாக நடந்தாள். பின்னால் காலடி கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, யார் என்று தெரியும். கோட்டுகூடப் போடாமல் வெறும் சட்டையோடு அவன் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தான்.

எதிரில் பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்தார். "என்ன மரீனுஸ், இந்தக் குளிர்ல இப்படி?"

"ஒரு விஷயம் சொல்லணும்" என்று மரீனுஸ் அவரை நிறுத்தினான். "பைலட் சங்கத்துப் படத்தைத் திருப்பிப் போட்டது நான். என் பெண்டாட்டி இல்லை. அவ மேல வீணாப் பழி."

நாய்க்காரர் விழித்தார். யாகோமினாவின் நடை ஒரு கணம் தடுமாறியது. மறுபடி நடந்தாள். பின்னால் இன்னொரு குரல், மதகுக்காரரை நிறுத்தியிருக்கிறான். "நான்தான் போட்டேன்... ஆமாங்க, நானேதான்." சைக்கிளில் போன சர்ச் ஆர்கன்காரியையும் விடவில்லை. காற்றில் கத்திச் சொன்னான். அவள் பிரேக் போட்டு இறங்கியே விட்டாள்.

யாகோமினா திரும்பினாள். "என்னங்க இது! ரோட்டுல நின்னுக்கிட்டு... மானம் போகுது!"

"யாரோட மானம்? என்னோடதுதானே... போகட்டும்" என்றான். உதடு நீலம் பாய்ந்து பற்கள் தந்தியடித்தன. "ஊர் முழுக்க உன்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கு. ஊர் முழுக்கச் சொல்லணும் நான்."

சாலை முடிவில் மீன் கடைக்காரி மாய்க்கே ஹெர்ரிங் மீனைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் சேதி எட்டவில்லை. "வாம்மா ஊரைத் திருப்பினவளே!" என்று வழக்கம்போல் உற்சாகமாகக் கூப்பிட்டாள். "மீன் தலை வேணுமா வால் வேணுமா, மாத்திச் சொல்லிடாதே!"

"திருப்பினது அவ இல்லை மாய்க்கே" என்றான் மரீனுஸ். "நான்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரி, ஸ்லைடு, விழா, பழி, இன்றைய சிரிப்பு வரை. எதையும் குறைக்கவில்லை. மாய்க்கேயின் கத்தி பாதி மீனில் நின்றுவிட்டது. "அட பாவி மனுஷா... நான் இவ வந்தாலே கேலி பண்ணிக்கிட்டு இருந்தேனே..." என்றவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து யாகோமினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. யாகோமினாவுக்கும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து யாகோமினா கணவனைப் பார்த்தாள். "குளிருதா?"

"இல்லை."

"பொய். உங்களுக்குப் பொய் சொல்லவே வராது. உண்மையைச் சொல்லாம இருக்கத்தான் வரும்."

கழுத்திலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து அவன் கழுத்தில் சுற்றினாள். இறுக்கமாகவே சுற்றினாள். பிறகு அவன் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைத்தெருப் பக்கம் திரும்பினாள்.

"அடுத்தது இறைச்சிக் கடை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லணும்... நடங்க."